ஏப்ரல் முதல் அக்டோபர் வரை

ஒரு சமூகம் நாகரிகம் அடைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அறிஞர்கள் அதன் நூலகங்களையும் தேவாலயக் கோபுரங்களையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். வீண் வேலை. முதல் உறைபனி விழுகிற அன்று அந்த ஊர்க்காரர்கள் யாரை முதலில் போர்த்திவிடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். தன்னைப் போர்த்திக்கொள்கிறவன் காட்டுமிராண்டி. பெண்டாட்டி பிள்ளைகளைப் போர்த்துகிறவன் சராசரி மனிதன். காரைப் போர்த்துகிறான் பாருங்கள், அவன்தான் மனித குலத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறவன். ஜெர்மனியின் தெற்கு மூலையில் உள்ள எங்கள் ஹைம்பாக்கில் அந்தக் கிளை முறியும் அளவுக்குக் கூட்டம்.

நாங்கள் எல்லாரும் 'ஹைம்பாக் பழைய வேகக்கார் அன்பர்கள், பதிவுபெற்ற சங்கம்' என்ற அமைப்பில் இருக்கிறோம். பதிவுபெறாத சங்கத்தில் எங்கள் ஊர் நாய்கூடச் சேராது. நான் செயலாளர். தலைவர் ஃபோல்க்மார் ஹேபர்லே, வண்டிப் பதிவு அலுவலகத்தில் நாற்காலி தேயத் தேய உழைத்து ஓய்வு பெற்றவர். மனிதர்களின் முகம் அவருக்கு மறந்துபோகும். நம்பர் பிளேட் ஒன்றைப் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

எங்கள் நாட்டின் ஞானத்துக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். இங்கே ஒரு காருக்குப் 'பருவப் பலகை' வாங்கலாம். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் நான்கு, அதன் கீழே பத்து என்று அச்சடித்திருந்தால், அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் கார். நவம்பர் பிறந்துவிட்டால் அது தெருவில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். சாலையில் கொட்டுகிற உப்பு, சேறு, பனி எதுவும் அதைத் தீண்டாது. அந்த மாதங்களில் கடைக்குப் போக, வேலைக்குப் போக, இன்னொரு சாதாரண வண்டி வாசலில் நனைந்துகொண்டு நிற்கும். என் வீட்டில் அந்தச் சாதாரண வண்டியை என் மனைவி எல்ஃப்ரீடே ஓட்டுகிறாள். தினமும் விடிகாலையில் அவள் அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் ஓசை, ஷெட்டுக்குள் என் பழைய காருக்குத் தாலாட்டாக இருக்கிறது.

சங்கத்தின் தலைமகள் என்றால் ஜிசெலாதான். அறுபத்தொன்பதாம் ஆண்டு பிறந்த சிவப்பு நிற இரண்டு இருக்கைக் கார். அவளுடைய உரிமையாளன் கெரோல்ட் ஃபிஸ்டெரர் என் பள்ளித் தோழன். அவன் மனைவி ரோஸ்வித்தா அம்மையார். 'ஜிசெலா' என்று அவன் கூப்பிட்டால் ரோஸ்வித்தா அம்மையார் திரும்பிப் பார்ப்பதில்லை. 'ரோஸ்வித்தா' என்று கூப்பிட அவனுக்குச் சந்தர்ப்பம் அதிகம் வாய்ப்பதில்லை.

போன அக்டோபர் கடைசியில் ஜிசெலாவை உறங்கவைக்கும் வைபவம் வழக்கம்போலச் சிறப்பாக நடந்தது. குளிப்பாட்டினோம். இடுக்கு விடாமல் ரோஸ்வித்தா அம்மையாரின் ஹேர் டிரையரால் உலர்த்தினோம். பாலிஷ் போட்டோம். டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினோம், ஆயில் மாற்றினோம், டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக அடித்தோம். எலி புகாமலிருக்க சைலன்சர் குழாயில் துணி அடைத்தோம். வசந்தத்தில் அதை எடுக்க மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினோம். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சில வார்த்தைகள் பேசினார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த உருக்கமான நேரத்தில் ரோஸ்வித்தா அம்மையார் சூடான வெங்காயக் கேக் தட்டோடு உள்ளே வந்தார். வந்தவர் இருமினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சைப் பிளந்துகொண்டு வரும் இருமல்.

தலைவர் பதறிப்போனார். "ரோஸ்வித்தா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க. பாலிஷ் இன்னும் காயல."

ரோஸ்வித்தா அம்மையார் திரும்பிக்கொண்டு இருமினார். மரியாதை தெரிந்தவர்.

அவர்கள் படுக்கையறையின் வடக்குச் சுவரில் வருஷா வருஷம் ஈரம் ஏறும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். டாக்டர் அய்லின் அந்த வாரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: இந்தக் குளிர்காலத்தையும் அதே ஈரத்தில் கழித்தால் சளி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்; அப்புறம் மாத்திரைக்கெல்லாம் அடங்காது, நேராக ஆஸ்பத்திரிதான். உடனே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் சின்ன ஹீட்டர் ஒன்றும் வாங்குங்கள்.

டாக்டர் சொன்னதை அன்றைக்கே செய்கிற கணவன்மார் எத்தனை பேர் இருப்பார்கள்? கெரோல்ட் செய்தான். சாயங்காலமே மெஷினும் ஹீட்டரும் வந்துவிட்டன. இரண்டும் கார் ஷெட்டுக்குள் போயின. அப்போது நான் அங்கே இருந்தேன். கணவன் மனைவி பேச்சை ஒட்டுக்கேட்பது அநாகரிகம் என்பதால், நன்றாகக் காதில் விழும் இடத்தில் வெளிப்படையாகவே நின்றுகொண்டேன்.

"கெரோல்ட், டாக்டர் மெஷினை எங்க வைக்கச் சொன்னாங்க?"

"ஈரம் இருக்கிற இடத்துல."

"ஈரம் எங்க இருக்கு?"

"பெட்ரூம்ல. அதனாலதானே ஜிசெலாவ அங்க வைக்கல?"

"எனக்கு மூச்சு முட்டுதுடா மனுஷா!"

"புரியுது ரோஸ்வித்தா. ஆனா நீயே நடுநிலையா யோசிச்சுப் பாரு. உனக்கு இருமல் வந்தா மருந்து இருக்கு. அவளுக்குத் துரு வந்தா ஸ்பேர் பார்ட் கிடைக்குமா? கம்பெனியையே இழுத்து மூடிட்டான்."

"எனக்கு மட்டும் ஸ்பேர் பார்ட் கிடைக்குமா?"

"இப்ப முழங்காலெல்லாம் மாத்துறாங்களே!"

எவ்வளவு தெளிவான வாதம்! ரோஸ்வித்தா அம்மையார் உள்ளே போனார். படுக்கையறையிலிருந்து இருமல் கேட்டது. ஷெட்டுக்குள் மெஷின் பூனைபோல மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கெரோல்ட் எனக்கு போன் செய்தான்.

"ஜிசெலா ஷெட்டுல ஈரத்த அளக்குற மானியோட முள்ளு ஏறிடுச்சுடா! ராத்திரி ஏறுது, பகல்ல இறங்குது. மெஷின்ல கோளாறு இல்ல. உள்ள ஏதோ இருக்கு. மூச்சு விடுற ஜந்து!"

"எலியா?"

"எலி இவ்வளவு மூச்சு விடாது."

சங்கத்தின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் முகத்தில் பட்ட காற்று, ஆஹா, இதமாகவும் காய்ந்தும் இருந்தது. ஜிசெலாவுக்குள் ஓர் இருக்கை பின்னால் சாய்க்கப்பட்டிருந்தது. அதில் ரோஸ்வித்தா அம்மையார், காருக்கென்றே தைத்த மென்மையான போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காபி குடித்தபடி நாவல் படித்துக்கொண்டிருந்தார். கன்னங்கள் சிவந்திருந்தன. இருமவில்லை.

"குட் மார்னிங்" என்றார். "கதவை மூடுங்க. ஈரம் வருது."

கெரோல்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "ரோஸ்வித்தா! இங்க என்ன பண்ற?"

"தூங்குறேன். ஒரு வாரமா இங்கதான் தூங்குறேன். பக்கத்துல ஆள் இல்லைங்கிறதையே நீ இன்னும் கவனிக்கல."

"இருமல் சத்தம் கேக்கலையேன்னு நெனச்சேன்… சரியாப்போச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"சரியாத்தான் போச்சு. இங்க வந்து படுத்ததால."

"உன் மூச்சு, ரோஸ்வித்தா! ராத்திரி பூரா நீ விடுற மூச்சுல எவ்வளவு தண்ணி இருக்கு தெரியுமா? எல்லாம் அவ மேல படியுது!"

விஷயம் இரண்டு பேருக்குள் முடிகிற விஷயமாக இல்லை. அவசரக் கூட்டம் கூட்டினேன்.

கூட்டம் 'தங்கச் சேவல்' விடுதியின் பின்னறையில் நடந்தது. அவரவர் முன்னால் வேகவைத்த பயறும், ஸ்பெட்ஸ்லே என்கிற முட்டை நூடுல்ஸும், பீரும். நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு பொருள்: 'குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வாகனத்துக்குள் மனைவி சுவாசித்தல்.' விவாதம் உலகத் தரத்தில் இருந்தது. மனைவியின் மூச்சை ஒரு ரப்பர் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே விடலாம் என்றார் ஒருவர். சைலன்சர் வழியாகவே விட்டிருக்கலாம், அதில்தான் துணி அடைத்தாயிற்றே என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். ரோஸ்வித்தா இரவில் பாதி மூச்சு மட்டும் விட்டால் என்ன என்று ஒரு சமரசத் திட்டமும் வந்தது.

தலைவர் மேஜையைத் தட்டினார். "நண்பர்களே, இது நம்ம சங்கத்தோட மானப் பிரச்சனை. இதைப் பத்தி வெளியில யாரும் மூச்சு விடக்கூடாது."

கதவருகே இருந்து ஒரு குரல் வந்தது. "உள்ளயும் விடக்கூடாது, வெளியிலயும் விடக்கூடாதுன்னா, நான் எங்கதான் விடுறது தலைவரே?"

ரோஸ்வித்தா அம்மையார் நின்றுகொண்டிருந்தார். கம்பளிக் கோட்டு, கையில் ஒரு துணிப் பை. அவரை யாரும் அழைக்கவில்லை. உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சந்தேகம். பருவம் முடிஞ்ச வண்டிய எப்படி வெச்சுக்கணும்னு சங்கத்துல விதி இருக்குல்ல? கொஞ்சம் படிங்களேன்."

விதியைப் படிக்கச் சொன்னால் எங்கள் தலைவர் பசியையும் மறந்துவிடுவார். எழுந்து நின்றார். "பருவம் முடிந்த வாகனத்தை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாகாது. பாரம் ஏற்றலாகாது. குளிரில் நிறுத்தலாகாது. ஈரமில்லாத, இதமான இடத்தில் போர்த்திவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை உரிமையாளர் நேரில் சென்று நலம் பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால், முதல் பதிவுத் தேதியில் மூத்த வாகனத்துக்கே முன்னுரிமை."

"ரொம்ப நல்ல விதி" என்றார் ரோஸ்வித்தா அம்மையார். பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, பயறுத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

நம்பர் பிளேட். பதிவு அலுவலகத்துக்கு எதிரே பிளேட் அச்சடிக்கும் கடையில் புதிதாக அடித்தது. ரோஸ்வித்தா ஃபிஸ்டெரரின் முதலெழுத்துகள், பிறந்த வருடம். ஓரத்தில் நான்கு, அதன் கீழே பத்து.

கெரோல்ட் சிரித்துவிட்டான். "இந்த வயசுல உனக்கென்ன பருவம்?"

"ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்."

வேறு எந்த நாடாக இருந்தாலும் இங்கே எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைக் கவனித்திருப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. மேஜையில் ஒரு பிளேட் இருக்கிறது. பிளேட் என்றால் பிளேட்தான். தலைவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். எழுத்தின் உயரத்தை விரலால் அளந்தார். ஓரத்தைத் தடவினார். அறையில் ஒருவரும் ஸ்பூனை அசைக்கவில்லை.

"எழுத்து சரியா இருக்கு. அளவு சரியா இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா அதிகாரபூர்வ முத்திரை…"

"நடுவுல பாருங்க."

எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் வட்டமாக ஒரு முத்திரை ஒட்டியிருந்தது. டாக்டர் அய்லினின் மருத்துவமனை முத்திரை. தலைவர் நிமிர்ந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் முத்திரை இல்லாததை ஏற்காதவர், முத்திரை இருப்பதைத் தள்ளாதவர்.

"முத்திரை இருக்கு" என்றார்.

"தலைவரே! அது என் பெண்டாட்டி!" என்று கத்தினான் கெரோல்ட்.

"உட்காருப்பா. அதை விசாரணைல பார்த்துக்கலாம்." தலைவர் ரோஸ்வித்தா அம்மையார் பக்கம் திரும்பினார். "முதல் பதிவு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு. ஹைம்பாக் நகராட்சி."

"உரிமையாளர்?"

"நானேதான். நடுவுல ஒருத்தர் இரவல் வாங்கினார். சர்வீஸ் பண்ணாமலே வெச்சிருக்கார்."

"பெரிய விபத்து ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு. எண்பத்தாறுல கல்யாணம் ஆச்சு."

"பாகமெல்லாம் ஒரிஜினலா?"

"ஒரு பல்லு மட்டும் மாத்தினது."

தலைவர் எங்களைப் பார்த்தார். "நண்பர்களே, ஜிசெலாவோட முதல் பதிவு அறுபத்தொன்பது. விதிப்படி இந்த…" சொல் தேடினார், "இந்த விண்ணப்பதாரர் மூத்தவர். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்."

கெரோல்டைத் தவிர எல்லாரும் கை தூக்கினோம். மெஷினும் ஹீட்டரும் மூத்த வாகனத்தோடு படுக்கையறைக்குப் போக வேண்டும் என்று தீர்மானம். ஜிசெலா பருவம் முடிந்தவள், தெருவில் இறங்க முடியாது என்பதால் ஷெட்டிலேயே இருப்பாள். அவளுக்கு ரோஸ்வித்தா அம்மையாரின் பழைய ரஜாய் வழங்கப்படும். விதிகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று செயலாளர் வாராவாரம் நேரில் பார்த்துவர வேண்டும்.

அப்படித்தான் நான் அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிஸ்டெரர் வீட்டுக்குப் போய்வந்தேன். கெரோல்ட் உருளைக்கிழங்கு வேகவைக்கக் கற்றுக்கொண்டான். வாசல் பனியைத் தள்ளினான். சாதாரண வண்டியின் கண்ணாடியைத் தானே சுரண்டினான். "விரலெல்லாம் விறைச்சுப்போகுதுடா! யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான்.

கஷ்டமானது வாராந்திர நலம் பார்த்தல்தான். ஜிசெலாவிடம் அவன் வாய் ஓயாமல் பேசுவான்; பானெட்டைத் தட்டி "தூங்கு கண்ணு" என்பான். படுக்கையறை வாசலில் முதல் ஞாயிறு அவன் நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"டயர்ல காத்து…" என்று ஆரம்பித்தான். முழித்தான். "இல்ல, கால் வலி எப்படி இருக்கு?"

"கால் வலிச்சதே இல்ல. நெஞ்சு."

"நெஞ்சு. ஆமா. நெஞ்சு எப்படி இருக்கு?"

"இப்பத் தேவலை."

அவ்வளவுதான் முதல் வாரம். இரண்டாவது வாரம் சுவரின் கறுப்பைச் சுரண்டி வெள்ளையடித்தான். அதற்கடுத்த வாரம் ஒரு நாற்காலி கொண்டுபோனான். பிப்ரவரியில் ஒரு நாள் நான் போனபோது உள்ளே இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் கடமை கடமைதான். கதவைத் தட்டி, 'விதிப்படி நலம் பார்க்கப்பட்டது' என்று உறுதிசெய்துகொண்டு கிளம்பினேன்.

ஏப்ரல் பிறந்தது. பருவத் தொடக்க விழாவுக்கு மொத்த ஊரும் கெரோல்ட் வீட்டு வாசலில் கூடிவிட்டது. குளிர்காலமெல்லாம் மெஷினும் இல்லாமல் ஹீட்டரும் இல்லாமல் கிடந்த ஜிசெலாவின் கதி என்னவோ என்று எல்லார் நெஞ்சும் அடித்துக்கொண்டது. கெரோல்ட் சிவப்பு நாடாவை அவிழ்த்தான், சைலன்சர் துணியை எடுத்தான், சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டாள். எங்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை. பழைய ரஜாயே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இந்த உண்மையை யாரும் அதிக நேரம் யோசிக்காமலிருக்கத் தலைவர் சட்டென்று விழாவுக்கு வந்தார். சங்கத்தின் வெள்ளிக் கோப்பை, அதாவது 'குளிர்காலத்தைச் சேதமின்றிக் கடந்த சிறந்த வாகனம்' விருது, சங்க வரலாற்றில் முதன்முறையாக ரோஸ்வித்தா ஃபிஸ்டெரருக்கு வழங்கப்பட்டது. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். நிறம் தெளிந்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். டாக்டர் அய்லின் முன்வரிசையில் நின்று கைதட்டினார். கெரோல்டின் கண் கலங்கியிருந்தது; அவன் பார்வை ஜிசெலாவின் பக்கம் இல்லை.

"ஊர்ல எத்தனையோ பேருக்கு உதவும்" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். "இவ்வளவு நல்லா இருக்கீங்களே, ரகசியம் என்ன?"

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்ல தலைவரே" என்றார் ரோஸ்வித்தா அம்மையார். "இத்தனை வருஷமா என்னை மனுஷி மாதிரி நடத்தினீங்க, இருமிக்கிட்டே இருந்தேன். இந்த வருஷந்தான் காரு மாதிரி நடத்தினீங்க."

பலத்த கைதட்டல். சங்கத்தின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நானும் உணர்ச்சிவசப்பட்டுத் தட்டினேன். பக்கத்தில் எல்ஃப்ரீடே மட்டும் தட்டவில்லை. அவளால் முடியாது. பனி சுரண்டிச் சுரண்டி வெடித்த விரல்களில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த விரல்களாலேயே அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே தகரம் இடிபடும் சத்தம் கேட்டது.

"எல்ஃப்ரீடே," என்றேன், "உனக்கும் நாலிலேர்ந்து பத்துதானே?"

"இல்ல" என்றாள். "ஏழிலேர்ந்து எட்டு. ரெண்டு மாசத்துக்குக் குறைச்சு அடிக்கச் சட்டத்துல இடமில்லையாம்."